அம்பிட்டியவில் படி இல்லாத வீடு

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி அம்பிட்டிய பஸ்ஸில் ஏறியவர்கள் ஐந்து பேர். மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்தாறு வருஷம் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற முத்துலிங்கம். அவர் மனைவி இரத்தினம்மா. பாங்கில் வேலை பார்க்கும் ஒரே மகன் தனபாலன். மருமகள் இராஜகுமாரி, பாடசாலை ஆசிரியை. ஐந்தாவது ஆள் வீட்டுத் தரகர் பஹ்மி.

பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் இராஜகுமாரியின் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகள் வந்தால் வாயைத் திறந்து பேசிவிடும் என்பதுதான் காரணம் என்று முத்துலிங்கத்துக்கு அப்போது தெரியாது.

கண்டி டவுனில், கொழும்பு வீதியில், சாஹுல் ஹமீதின் சாமான் கடைக்கு எதிரே உள்ள மாடியில் அந்தக் குடும்பம் முப்பத்தொரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டது. கட்டடத்துக்காரர் காலமாகி, அவருடைய பிள்ளைகள் இடித்துக் கட்டப் புறப்பட்டுவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இன்னும் இருபத்து மூன்று நாள்.

பார்த்த வீடுகள் ஒன்றிரண்டா? வத்தேகமவில் வீடு விசாலம். ஆனால் இராஜகுமாரி பள்ளிக்கூடம் வந்து சேர இரண்டு பஸ் மாற வேண்டும். ஹந்தானைச் சரிவில் பார்த்த வீட்டுக்கு ரோட்டிலிருந்து எண்பத்தேழு படி. இரத்தினம்மாவின் முழங்கால் முப்பதாவது படியிலேயே நின்றுவிட்டது. முத்துலிங்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அவருடைய தகப்பனார் டவுனுக்கு இறங்கி வந்த பாதை அது. மறுபடி அதே பாதையில் மூட்டை முடிச்சோடு ஏற அவர் மனம் ஒப்பவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, படிகளைத்தான் சொன்னார்.

கட்டுகஸ்தோட்டை வீடு எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது. பேசி முடித்து, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப் பெயர்களைக் கேட்டார்கள். தனபாலன் எழுதிக் கொடுத்தான். மறுநாள் காலை, வீட்டை வேறு ஆளுக்கு விற்றாயிற்று என்று செய்தி வந்தது. இரண்டு வாரம் கழித்தும் அந்த வீட்டு வாசலில் "விற்பனைக்கு" என்ற பலகை தொங்கியதைத் தனபாலன் பஸ்ஸில் போகும்போது பார்த்தான். அன்றிலிருந்து அவன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. எண்பத்து மூன்று இனக் கலவரம் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த முகம் கண்டியில் பல பேருக்கு இருந்தது.

அன்று காலை பஸ்ஸில் இடம் பிடிப்பதற்காக முத்துலிங்கம் பஹ்மியோடு முன்னதாகவே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். மற்ற மூவரும் பஸ் புறப்படும் நேரத்தில் பின் கதவால் ஓடி வந்து ஏறினார்கள். கூட்டத்தில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குருமடத்துச் சந்தியைத் தாண்டி இறங்கிய பிறகுதான், வெயிலில், மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

நாற்பத்தொரு வருஷமாக ஒரு நாளும் தவறாத குங்குமப் பொட்டு இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளிறி, வட்டமாகத் தெரிந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்லீங்க. நடங்க."

"நெத்தியில என்னன்னு கேக்கிறேன்."

"நெத்தியில ஒண்ணும் இல்லையே" என்றாள் இரத்தினம்மா. "அதத்தான் ஒங்க மகன் கேட்டான்."

முத்துலிங்கம் மருமகளைப் பார்த்தார். இராஜகுமாரியின் நெற்றியும் துடைத்து விட்டதுபோல் இருந்தது. தாலிக்கொடி ரவிக்கைக்குள்ளே போயிருந்தது. அவள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, ரோட்டுல நின்னு பேசாதீங்க" என்றான் தனபாலன், குரலைத் தாழ்த்தி. "ஒரு மணி நேர வேலை. வீட்டப் பாக்கிறோம், அட்வான்ஸக் குடுக்கிறோம், வந்திர்றோம். பேரு ஊரெல்லாம் உறுதி எழுதறப்பத் தெரிஞ்சாப் போதும். கை நீட்டி அட்வான்ஸ் வாங்கினவங்க அதுக்கப்புறம் பின்வாங்க மாட்டாங்க."

"டேய், நான் உசிரோட இருக்கையில எம் பொண்டாட்டி..."

"ஐயா, ஐயா" என்று பஹ்மி குறுக்கே வந்தான். "சத்தமாத் தமிழ் பேசாதீங்க. அந்த ஊட்டு ஜன்னல் தொறந்து ஈக்கிது. நான் வீட்டுக்கார டீச்சர்கிட்ட 'பாங்க் மாத்தயா ஒருத்தர்'னு மட்டும்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"இன்னொண்ணுப்பா" என்றான் தனபாலன். "உள்ள போனா நீங்க அதிகம் பேச வேணாம்."

"என் சிங்களத்துக்கு என்னடா குறை? கமிஷனருக்கே கடிதம் எழுதிக் குடுத்தவன் நான்."

"எழுத்து பிரமாதம்ப்பா. பேசினா ரெண்டாவது வாக்கியத்துலயே பிடிச்சிருவாங்க."

முத்துலிங்கம் ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார். பொது ரோட்டில் நின்று மனைவியிடமோ மகனிடமோ குரலை உயர்த்தியவர் அல்ல அவர். நாலு பேர் பார்க்க வீட்டு விஷயத்தைப் பேசுகிற மனிதர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தப் பழக்கமே அன்றைக்கு அவர் வாயைக் கட்டிப்போட்டது. திரும்பிப் போகலாம் என்றால் அடுத்த பஸ் அரை மணி கழித்து. அதுவரை ரோட்டோரத்தில் அந்த நெற்றிகளோடு நிற்க வேண்டும். அவர் நடந்தார்.

ஏக்கநாயக்க டீச்சரின் வீடு, ரோட்டிலிருந்து பிரியும் ஒழுங்கையில் மூன்றாவது. கண்டியில் அப்படி ஒரு வீடு கிடைப்பது அபூர்வம். கேட்டிலிருந்து வாசல்வரை ஒரே சமதளம். ஒரு படி இல்லை. டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. "வாருங்கள், வாருங்கள்" என்று சிங்களத்தில் வரவேற்றுக் கதிரைகளை இழுத்துப் போட்டார். முத்துலிங்கத்தை மட்டும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரத்தினம்மா சிவப்புச் சீமெந்துத் தரையில் நடந்து, ஹோலைத் தாண்டி, குசினிவரை போனாள். சுவரைப் பிடிக்கவில்லை. முழங்காலில் கை வைக்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் அப்படி நடந்ததை முத்துலிங்கம் அன்றுதான் பார்த்தார். பின்கதவைத் திறந்தால் கிணறு, பலாமரம், துணி காயப்போட நல்ல வெயில். குசினிக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்த ஒரு சின்ன அறை. அதன் வாசலில் அவள் நின்றுவிட்டாள். கணவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சாமி அறைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதைத்தான் சொல்ல வந்தாள் என்பது அவருக்குத் தெரியும். இந்த வீட்டில் நின்று அவளால் அதைச் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

"அரை மணிக்கு ஒரு பஸ்" என்று டீச்சர் தனபாலனிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "பள்ளிக்கூட வான் ஒழுங்கை வாசலுக்கே வரும். சந்தியில் மருந்துக் கடை. இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால் அதிபர், அந்தப் பக்கம் ஒரு நர்ஸ். இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற ஏழு வீட்டிலிருந்தும் சாப்பாடு போகும். நான் தூரமாகப் போகவில்லை. பின்னால் இருக்கிறதே, அது மகள் வீடு. அங்கேதான் இருப்பேன். நடுவில் ஒரு வேலிதான்."

தனபாலன் தலையாட்டித் தலையாட்டிச் சிரித்தான். அவனுடைய சிங்களம் பிசிறில்லாமல் ஓடியது. இராஜகுமாரி வாயே திறக்காமல் அலுமாரி வைக்கிற இடங்களைக் கண்ணால் அளந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கருப்பட்டித் துண்டுகளோடு தேத்தண்ணீர் வந்தது. டீச்சர் முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா எங்கே வேலை பார்த்தீர்கள்?"

முத்துலிங்கம் நிமிர்ந்தார். அதற்குள் தனபாலன் முந்திக்கொண்டான்.

"அப்பாவுக்குக் காது மந்தம் டீச்சர். ஒன்றும் கேட்காது."

கோப்பை முத்துலிங்கத்தின் உதட்டுக்கருகே நின்றது. மாநகரசபையில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போடாத மனிதர். ஒரு பொய்க் குறிப்பில் கையெழுத்திட மறுத்து, அதற்காக இரண்டு வருஷம் பதவி உயர்வு இல்லாமல் இருந்தவர். இப்போது மகன் அவரைச் செவிடனாக்கி உட்கார வைத்துவிட்டான். 'எனக்குக் காது கேட்கும்' என்று சொன்னால் மகன் பொய்யனாவான். சொல்லாவிட்டால் அவரே பொய்யராவார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். படி இல்லாத வாசலைப் பார்த்தார்.

தேத்தண்ணீரைக் குடித்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, செவிடனிடம் பேசுகிற மாதிரி இல்லாமல், மெதுவான குரலில் கேட்டார்.

"நீங்கள் வத்துர மாத்தயாதானே?"

தண்ணீர் ஐயா. மாநகரசபைக் கவுன்டருக்கு வந்த சிங்களச் சனங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அது.  பஹ்மி கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

"கேட்டுக்குள் வரும்போதே கண்டுபிடித்துவிட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன்" என்றார் டீச்சர். "எழுபத்தாறாம் வருஷம் வறட்சி. லேவல்லயில் என் அம்மா படுத்த படுக்கை. ஒன்பது நாள் குழாயில் தண்ணீர் இல்லை. கவுன்டரில் நின்று அழுதேன். இவர் எழுந்துபோய்ப் பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பினார். சாயங்காலம் தண்ணீர் வந்ததா என்று வீடு தேடி வந்து விசாரித்தார். அன்றைக்கு இவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது."

தனபாலனின் முகம் செத்துப்போயிற்று.

டீச்சர் இரத்தினம்மாவைப் பார்த்தார். "உங்களையும் தெரியும். பிள்ளையார் கோயில் பக்கம் இவரோடு போவீர்கள். பெரிய பொட்டு. தூரத்திலிருந்தே தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்றைக்கு ஏன் இப்படி?" என்று கேட்டார்.

 பஹ்மி தொண்டையைக் கனைத்தான். இரத்தினம்மாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். காய்கறி பேரம் பேசப் போதுமான சிங்களம். அதில்தான் சொன்னாள்.

"மகன் சொன்னான். பொட்டு வைத்தால் வீடு கிடைக்காது என்று."

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு..." என்று தனபாலன் ஆரம்பித்தான்.

"நடந்திருக்கும் மகனே. நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் கண் இருக்கிறது." டீச்சரின் குரல் உயரவில்லை. "நான் தரகரிடம் ஒன்றுதான் சொன்னேன், நல்ல மனிதர்களாகக் கூட்டி வா என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் என் வாசலுக்கு வருமுன்பே நான் இன்ன மாதிரி ஆள் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். அதுபோகட்டும். இங்கே குடிவந்த பிறகு என்ன செய்வதாக இருந்தீர்கள்? உங்கள் அம்மா தினமும் இப்படியே கிணற்றடிக்கு வருவாரா?"

 தனபாலன் அட்வான்ஸ் வரைக்கும்தான் யோசித்திருந்தான்.

"வீட்டை உங்களுக்குத் தருகிறேன்" என்றார் டீச்சர். "வத்துர மாத்தயாவுக்கு இல்லை என்று சொன்னால் என் அம்மா எனக்குச் சாபம் போடுவார். யோசித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை வேறு ஆளுக்குக் காட்ட மாட்டேன்."

தனபாலனுக்கு உயிர் திரும்பி வந்தது. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தான். "யோசிக்க ஒன்றுமில்லை டீச்சர், இப்போதே..."

"உள்ள வைடா" என்றாள் இரத்தினம்மா, தமிழில்.

"அம்மா?"

"உள்ள வைன்னேன். எனக்கு இந்த வீடு வேணாம்."

"அம்மா, அவங்கதான் தாறேங்கிறாங்களே! படி இல்லாத வீடும்மா. ஒங்க காலுக்காகத்தானே இத்தனையும் பண்ணினேன்?"

"எங் காலுக்காக எம் மூஞ்சியத் தொடச்சிட்ட" என்றாள் அவள். "வேலிக்கு அந்தப் பக்கம் இந்தம்மா இருப்பாங்க. காலையில கதவத் தொறந்தா இவங்க மொகத்துலதான் முழிக்கணும். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு முழிக்கிறது? தெரியாதவங்களா இருந்தாக்கூடச் சரின்னு இருந்துருவேன். நல்லவங்களாப் போயிட்டாங்க. என்னால முடியாது."

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்துகொண்டார். புரிந்துகொண்டவர் போலத்தான் எழுந்தார்.

எல்லோரும் முத்துலிங்கத்தைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மகனுக்குப் பெண், பெட்டி படுக்கை வாங்குவது முதல் எல்லாம் அவர் சொன்னபடிதான். 'இரத்தினம், உட்காரு. வீட்டை எடுப்போம்' என்று ஒரு சொல் சொன்னால் அவள் உட்கார்ந்துவிடுவாள். அவர் மனைவியின் கண்ணைப் பார்த்தார்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் இரத்தினம்மா. "ஒங்களச் செவிடுன்னான். நீங்களும் செவிடாத்தானே ஒக்காந்திருந்தீங்க."

அவர் கதிரையிலிருந்து எழுந்தார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை.

புறப்படும்போது டீச்சர் கேட்வரை வந்தார். இராஜகுமாரியின் கையைப் பிடித்து ஒரு பக்கமாக நிறுத்தி, இரண்டு நிமிஷம் ஏதோ சொன்னார். இராஜகுமாரி தலையை ஆட்டினாள். ஒரு தடவை மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸில் முத்துலிங்கம் கேட்டார். "டீச்சர் என்னம்மா சொன்னாங்க?"

"பொறகு சொல்றேன் மாமா" என்றாள் இராஜகுமாரி. "அத்தை இல்லாதப்போ சொல்றேன்."

கொழும்பு வீதியில் இறங்கியதும் தனபாலன் நேராகச் சாஹுல் ஹமீதின் கடைப் பக்கம் போனான். பஹ்மி அவன் பின்னால் போனான். மற்றவர்கள் மாடிக்கு ஏறினார்கள். இரத்தினம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். கை கொடுக்கப்போன முத்துலிங்கத்திடம், "நான் ஏறிக்கிறேன், நீங்க போங்க" என்றாள். மேலே போனவுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இராஜகுமாரி அடுப்பைப் பற்ற வைத்தாள். முத்துலிங்கம் ஹோலில் நின்றார். சுவரில் கலண்டர் தொங்கியது. இருபத்து மூன்று நாள். அவருக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் மூக்குப்பொடி வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார்.

சாஹுல் ஹமீதின் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. சாஹுல் ஹமீது கல்லாவை விட்டு எழுந்து வந்து, தாமே ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். அப்படி அவர் ஒரு நாளும் செய்ததில்லை.

"இரிங்க ஐயா. கேள்விப்பட்டேன். மனசுக்குச் சரியான கஷ்டமாப் போச்சு."

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"அம்பிட்டியக் கதைதான். தமிழாளுகளுக்கு ஊடு இல்லன்னு அந்த டீச்சர் கேட்டோட அனுப்பிட்டாவாமே. முப்பத்தாறு வருஷம் இந்த டவுனுக்கே தண்ணி குடுத்த மனுசனுக்கு இது என்ன நியாயம்? கேட்டதுல இருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிது."

"இந்தக் காலத்துல எவனையும் நம்ப ஏலாது ஐயா" என்றார் பக்கத்தில் நின்ற புடைவைக் கடைக்காரர். இன்னொருவர் தேத்தண்ணீருக்குச் சொன்னார். எல்லார் முகத்திலும் இரக்கமும் ஒரு மரியாதையும் இருந்தன.

முத்துலிங்கம் பஹ்மியைப் பார்த்தார். பஹ்மி, "நான் 'சரி வரல்ல'ன்னு மட்டும்தான் சொன்னேன் ஐயா" என்று முணுமுணுத்தான். தனபாலன் கடையின் மூலையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. தகப்பனை நிமிர்ந்து பார்த்தான். 'விட்டுவிடுங்கள் அப்பா' என்று கெஞ்சுகிற பார்வை.

விட்டுவிடலாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். குடும்பத்தின் மானம் நின்றுவிடும். மகனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊரே தம் பக்கம். அடுத்த வாரத்துக்குள் இரக்கப்பட்டு யாராவது ஒரு வீடுகூடப் பார்த்துக் கொடுப்பார்கள். அம்பிட்டியவில் ஒரு மனுஷி, தாம் செய்யாத ஒன்றுக்காகக் கண்டி கடைத்தெருவில் பேச்சு வாங்குவாள். அது அவள் காதுக்குப் போகவும் போகாது.

முத்துலிங்கம் கதிரையில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது பொய், சாஹுல் நானா."

"என்ன ஐயா?"

"நீங்க கேள்விப்பட்டது பொய். டீச்சர் எங்களத் தொரத்தல. வீட்டத் தாறேன்னாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்களுக்காக வெச்சிருக்காங்க. வேணாம்னு சொன்னது எங்க வீட்டம்மா."

"நல்ல ஊடுன்னு சொன்னாங்களே ஐயா. அம்மா ஏன் வேணாம்னாங்க?"

"நாங்க தமிழாளுங்கன்னு மறைச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனோம். நாலு பேருந்தான். நானும்தான். அதனாலதான் அவ வேணாம்னு சொல்லிட்டா."